அம்மாவுக்காக வாங்கிய ஐஸ்கிரீம் மிஷின்

கடற்கரையில் பிறந்தவள் தொண்டையில் மீன் முள் சிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். அதுவும் என் அம்மா. புன்னைக்காயலில் பிறந்து, பால்குடி மறந்த நாளிலிருந்து மீன் தின்று வளர்ந்தவள். முள்ளுவாளையைக்கூட வாய்க்குள்ளேயே பிரித்து, சதையை உள்ளே அனுப்பிவிட்டு, முள்ளை மட்டும் உதட்டோரமாக எடுத்துத் தட்டில் வைப்பாள். நடுவில் பேச்சும் நிற்காது.

அந்த மத்தியானம் பேச்சு நின்றது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, தொண்டையில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அப்பாவும் நானும் வேடிக்கை பண்ணுகிறாள் என்றே நினைத்தோம். அப்பா சிரித்துக்கொண்டே, "வெறுஞ்சோத்த உருட்டி முழுங்கு, எறங்கிரும்" என்றார். அம்மா உருட்டி உருட்டி விழுங்கினாள். பிறகு ஒரு வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கினாள். முள் இறங்கிவிட்டது என்று சொன்னாள்.

இறங்கவில்லை. சோற்றுருண்டை அதை இன்னும் ஆழமாகக் குத்திவிட்டிருந்தது. அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். மீனிலேயே பிறந்து மீனிலேயே வளர்ந்த பெண்பிள்ளை, தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது என்று டாக்டர் முன்னால் போய் நிற்பதா? தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? கழுத்தில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு குசினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. முந்தானையை விலக்கிப் பார்த்தால் கழுத்து ஒரு பக்கம் பொங்கியிருந்தது. உடம்பு கொதித்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று சொல்லிக் கீறி எடுத்தார்கள். முள்ளையும் எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். என் சுண்டு விரல் நகம் அளவுகூட இல்லை. இதுவா, என்று அப்பா அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இது எழுபதுகளின் நடுவில். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். அப்பா கொழும்புக்கு உப்பு ஏற்றிப் போகும் தோணிகளுக்குச் சரக்குப் பொறுப்பு. அண்ணன் கப்பலில். எந்தக் கடலில் இருக்கிறான் என்பது அவன் போட்ட கடிதம் வந்து சேரும்போதுதான் தெரியும். அதற்குள் அவன் வேறு கடலுக்குப் போயிருப்பான். வீட்டில் அண்ணன் பேச்சு இல்லாமல் விளக்கு ஏற்றுவதில்லை. ஜெபத்தில் அண்ணன் பெயர் முதலில் வரும், என் பெயர் செத்துப்போனவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். இதை நான் சொன்னால் அம்மா என் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். வெளியூர்க்காரர், சின்ன வயது. உள்ளே புண் ஆற நாளாகும் என்றார். தண்ணீர் மாதிரிக் கொடுத்தால் புரையேறும். கட்டியாகக் கொடுத்தால் புண்ணில் உரசும். சூடு ஆகவே ஆகாது. ஆனால் பால், முட்டை, வெண்ணெய் என்று சத்தாக உள்ளே போயே ஆக வேண்டும், உடம்பில் ஒன்றும் இல்லை.

"அப்போ என்னத்தக் குடுக்க?" என்று அப்பா கேட்டார்.

"ஐஸ்கிரீம் கொடுங்கள்" என்றார் டாக்டர்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐஸ் தின்றால் நெஞ்சுச் சளி, மார்கழியில் மோர் குடித்தால் சுரம் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான். குச்சி ஐஸ் வாங்கித் தின்றதற்காக முதுகில் அடி வாங்கியவள். அடித்த அதே அம்மாவுக்கு, அறுத்த தொண்டையோடு படுத்திருக்கிறவளுக்கு, ஐஸ்கிரீம். டாக்டர் விளையாடவில்லை. குச்சி ஐஸ் கூடாது, கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் அது பாயசமாகிவிடும், முடிந்தால் வீட்டிலேயே பண்ணுங்கள், அதற்கு மிஷின் விற்கிறது என்றார்.

வெளியே வந்ததும் அப்பா, "ஏளா, இவரு படிச்சுத்தான் டாக்டரானாரா?" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் அம்மாவுக்கு ஆறின கஞ்சியைக் கொடுத்துப் பார்த்தோம். மூக்கு வழியாக வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த பிறகு, மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மிஷின் தேடக் கிளம்பினேன். அப்பாவும் கூட வந்தார்.

முதலில் போனது பக்கத்துத் தெருவுக்கு. கப்பல் வேலையை விட்டு வந்த ஒருவர் வெளிநாட்டுச் சாமான்களை வீட்டிலேயே வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சென்ட் பாட்டில், டேப் ரிக்கார்டர், மழைக்கோட்டு எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கும். ஐஸ்கிரீம் மிஷின் என்று கேட்டதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. அலமாரி மேலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை இறக்கினார். ஜப்பானில் வாங்கியது. சுற்றவே வேண்டாம், கரண்டில் அதுவே சுற்றும். சுற்றிலும் ஐஸை மட்டும் போட்டால் போதும். பார்க்க அவ்வளவு அழகு. எனக்கு அப்போதே மனசு அதில் ஒட்டிக்கொண்டது.

"ஓடுதான்னு பாத்துட்டு வாங்கிக்கிடுங்க" என்று அவரே சொன்னார். அதன் பிளக் தட்டையாக இருந்தது, நம் ஊர்ச் சுவரில் நுழையவில்லை. பிளக்கை வெட்டினார். வயர் நுனியைப் பல்லால் சீவினார். இரண்டு ஓட்டைகளிலும் செருகித் தீக்குச்சியால் இறுக்கினார். ஸ்விட்சைத் தட்டினார்.

மிஷின் ஒரே ஒரு தரம் அலறியது. நீலமாக ஒரு வெளிச்சம். பிறகு புகை, கருகின நாற்றம், வீடு முழுக்க இருட்டு. பக்கத்து வீட்டு ரேடியோவும் நின்றது. அவர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "ஜப்பான்ல நல்லா ஓடிச்சே" என்றார். அந்த ஊர் கரண்டு நம் ஊர் கரண்டில் பாதிதான் என்பதைப் பிறகு ஆபீசில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அப்பா அந்தக் கப்பல்காரரைத் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "கரண்டே வேண்டாம்மா. கையால சுத்துறது எதுவும் இருக்கான்னு பாப்போம்."

பெரிய கடைத் தெருவில் பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் இருந்தது. "கல்யாண விருந்தா, புதுநன்மை விருந்தா?" என்று கேட்டுக்கொண்டே பரணிலிருந்து இரண்டை இறக்கினார். சமாசாரம் இரண்டிலும் ஒன்றுதான். வெளியே ஒரு தொட்டி, உள்ளே ஒரு தகர டப்பா, டப்பாவுக்குள் பாலைக் கலக்க மரத் துடுப்பு, மேலே பல்சக்கரம், பக்கத்தில் கைப்பிடி. தொட்டிக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஐஸும் உப்பும் போட்டுச் சுற்றினால் பால் இறுகிவிடும். ஒன்றுக்குத் தொட்டியும் தகரம், பெயின்ட் அடித்து மினுமினுவென்று இருந்தது. மற்றதற்கு மரத் தொட்டி, இரும்புப் பட்டை போட்டது, பார்க்க ஊறுகாய்ப் பீப்பாய் மாதிரி.

நான் மினுமினுப்புக்குக் கை நீட்டினேன். அண்ணாச்சியும் அதைத்தான் புகழ்ந்தார். "கை வலிக்காதும்மா. சின்னப்பிள்ளகூடச் சுத்தும்." அப்பா இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார், மூடியைத் திருகிப் பார்த்தார், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். வீடு பார்க்கப் போனால்கூட அவர் இவ்வளவு பார்த்ததில்லை.

"தகரம் வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"உப்புக்காத்துக்கே நம்ம வீட்டு ஜன்னல் கம்பி இத்துப்போவுது. இதுல உப்பையே கொட்டப் போறோம். ரெண்டு மாசம் தாங்காது. தகரம் சட்டுனு சூடும் ஏறும், ஐஸ் நிக்காது. அதோட இங்கன பாரு." மரத் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. "ஐஸ் உருகி உப்புத்தண்ணி மேல ஏறுனா இது வழியா வெளிய போயிரும். டப்பா மூடி வரைக்கும் ஏறாது. தகரத்துல ஓட்டையே இல்ல. உப்புத்தண்ணி பாலுக்குள்ள இறங்கிரும்."

அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. மரத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பலகைக்குப் பலகை இடுக்கிலிருந்து ஒழுகிக் கடைத் தரையெல்லாம் நனைந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒன்று இற்றுப்போகும், மற்றது இப்போதே ஒழுகுகிறது, இதற்கா இவ்வளவு ஆராய்ச்சி என்று கடையிலேயே சத்தம் போட்டேன். அப்பா சிரித்தார். காய்ந்த மரம் அப்படித்தான், ஊற வைத்தால் உப்பி அடைத்துக்கொள்ளும், கரையேற்றிய தோணியும் முதல் நாள் ஒழுகத்தான் செய்யும் என்றார். வாங்கி வந்து கிணற்றடியில் ஊற வைத்தோம். மறுநாள் ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியிலிருந்து அப்பா சைக்கிள் கேரியரில் ஒரு பாளம் கொண்டுவந்தார். சாக்கில் போட்டு உலக்கையால் இடித்தோம். அதில் அப்பா உப்பு போடச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. உப்பு போட்டால் ஐஸ் உருகத்தானே செய்யும், உருகினால் குளிர்ச்சி போய்விடாதா? உருகியது. ஆனால் உருகின தண்ணீரில் விரலை விட்டபோது நெருப்பில் வைத்ததுபோல் சுட்டது. சட்டென்று எடுத்துப் பார்த்தால் விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. உப்பளத்துக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், இரண்டையும் சேர்த்தால் இப்படி ஒரு குளிர் வரும் என்று எனக்குத் தெரியாது. பனிமய மாதாவின் ஊரில் பனி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பாலைச் சுண்டக் காய்ச்சி, முட்டை அடித்து ஊற்றி, சீனியும் வெண்ணெயும் போட்டு, ஆற வைத்து டப்பாவில் விட்டேன். அப்பாவும் நானும் மாறி மாறிச் சுற்றினோம். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தபோது கைப்பிடி கனத்தது. மூடியைத் திறந்தால், உள்ளே வெண்ணெய் மாதிரி வழவழவென்று நிறைந்திருந்தது. நான் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ருசியாக அதற்கு முன்னால் எதையும் தின்றதில்லை. கிண்ணத்தில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தாள். நான் ஸ்பூனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது வாயை இறுக்க மூடிக்கொண்டாள். வலி என்று நினைத்து, குளிர்ச்சி, வலிக்காது என்றேன். தலையை ஆட்டினாள். இன்னொரு தரம் கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். உடம்பில் பலமே இல்லாதவளுக்கு அந்தக் கையில் மட்டும் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

அப்பா வாசற்படியில் நின்றுகொண்டு, நெற்றியில் அடித்துக்கொண்டார். "நேர்ச்சை. எனக்குப் புத்தியே எட்டல பாரு."

"என்ன நேர்ச்சை?"

"ஒங்கம்மா இனிப்பு தொடமாட்டா. எத்தனையோ வருசமாச்சு."

என் வீட்டில், என் கண் முன்னால், ஒருத்தி வருஷக்கணக்கில் இனிப்பு தின்னவில்லை, எனக்குத் தெரியவில்லை. பல் கூசும் என்பாள். காப்பியைக் கசக்கக் கசக்கக் குடிப்பாள், பித்தத்துக்கு நல்லது என்பாள். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, "இனிப்பு போதுமான்னு பாரு" என்பாள். அண்ணனை விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறாளே என்று நான் பெருமைப்பட்டதுண்டு. தன் நாக்கில் படக்கூடாது என்பதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துனாங்களே?" என்று கேட்டேன்.

"அது நாக்குல படலல்லா" என்றார் அப்பா, நான் ஏதோ ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

யாருக்காக நேர்ந்தாள் என்று கேட்டதற்கு இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆளிடமும் வீட்டிலும் அதைப் பேசினால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு யாரும் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கப்பலில் போகிற ஒரே மகன். வேறு யாருக்காக இருக்கும்?

மறுநாள் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைப் பிடித்தேன். அவர் நல்ல மனுஷன், உடனே வீட்டுக்கு வந்தார். நேர்ச்சையை வேறு ஒரு நல்ல காரியமாக மாற்றிக்கொள்ளத் திருச்சபையில் இடம் உண்டு, ஏழைகளுக்குச் சோறு போடலாம், ஜெபமாலை கூடச் சொல்லலாம், உடம்பைக் கெடுத்துக்கொள்ள ஆண்டவர் கேட்கவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். அம்மா அவரைக் கிட்டே வரும்படி சைகை காட்டினாள். அவர் குனிந்தார். அவர் காதில் அவள் குரலே இல்லாமல் என்னவோ ஊதினாள். சாமியார் நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. என் பக்கமாக வந்து, தலையில் கை வைத்துச் சிலுவை போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் கூட்டிக்கொண்டு வந்தது அம்மாவுக்குப் புத்தி சொல்ல, எனக்கு ஆசீர்வாதம் பண்ண இல்லை.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். அம்மாவுக்குக் கண் குழி விழுந்திருந்தது, கிள்ளினால் தோல் கையோடு வந்தது. "திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம். அப்போதும் ஒன்றும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும். புண் இருக்கிற இடத்தில் குழாய் போடுவது எனக்கே பயமாக இருக்கிறது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சரி, சீனி இல்லாமலே பண்ணிவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். அதே பால், அதே முட்டை, அதே வெண்ணெய். சீனி மட்டும் இல்லை. சுற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே துடுப்பு மாட்டிக்கொண்டது. அப்பா முழுப் பலத்தையும் கொடுத்தார், நகரவில்லை. திறந்து பார்த்தால் சுண்ணாம்புக் கல் மாதிரி உறைந்து கிடந்தது. ஸ்பூன் வளைந்தது. சீனிதான் ஐஸ்கிரீமை இளக்கமாக வைக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரிவாள்மணையில் சீவிக் கொண்டுபோனேன். அம்மா வாய் திறந்து வாங்கிக்கொண்டாள். விழுங்கினாள். உடனே உடம்பு தூக்கிப்போட்டது. துண்டில் துப்பியபோது பாலோடு ரத்தம் இருந்தது.

பயத்தில் சிலர் அழுவார்கள், நான் கத்துவேன். கத்தினேன்.

"யாருக்காகம்மா இந்த வேசம்? ஒம் மவனுக்குத்தான? அவன் அங்கன கப்பல்ல மூணு வேளையும் ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு இருப்பான். நீ இங்கன பட்டினி கெடந்து சாவப்போற. சாவு. செத்ததுக்கப்புறம் அவன் வந்து பூ வைப்பான், போதுமா?"

"ஏளா, சத்தத்த நிறுத்து" என்றார் அப்பா.

"நிறுத்த மாட்டேன். இந்த வீட்டுல எல்லாம் அவனுக்குத்தான். உயிரும் அவனுக்குத்தானா?"

"அவனுக்கில்லளா" என்றார் அப்பா. "ஒனக்கு."

அம்மா படுக்கையைக் கையால் தட்டினாள். வேண்டாம் என்று தலையைத் தலையை ஆட்டினாள். அப்பா அவளைப் பார்க்காமல், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தே சொன்னார்.

"நீ நாலு வயசு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அம்மான்னுகூடச் சொல்லல. காது கேக்கும், கூப்பிட்டாத் திரும்பிப் பாப்ப, ஆனா வாயத் தொறக்க மாட்ட. காட்டாத வைத்தியர் இல்ல. ஊருல ஒன்ன ஊமச்சின்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாவ. அது ஒன் காதுல விழக்கூடாதுன்னுதான் புன்னைக்காயல விட்டு இங்கன குடிவந்தோம். வந்த அன்னைக்கே ஒங்கம்மா ஒன்னத் தூக்கிக்கிட்டு மாதா கோயிலுக்குப் போனா. இந்தப் பிள்ள வாயத் தொறந்தா, சாவுற வரைக்கும் எம் வாயில இனிப்புப் படாதுன்னு மாதா முன்னால முட்டுக்குத்தி நேர்ந்தா. அடுத்த திருநாளுக்குள்ள நீ பேசிட்ட. பேச ஆரம்பிச்சவ இன்னும் நிறுத்தல."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவந்தான் ஒனக்குச் சைகைக்காரன், ஒனக்கு என்ன வேணும்னு அவந்தான் எங்களுக்குச் சொல்லுவான்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. சாமியாருக்குக்கூட. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் கோபம் அப்பா மேல். பேசக்கூடாததைப் பேசிவிட்டாரே என்று. அந்த வீட்டில் அப்போது அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

நான் முற்றத்துக்கு வந்தேன். டப்பாவைக் கழுவினேன். தொட்டியில் உப்பும் ஐஸும் கலந்து கூழாகக் கிடந்தது. அதைக் கையால் அள்ளிக் கொட்டும்போதுதான் கவனித்தேன்: அவ்வளவு குளிரிலும் அது இறுகவே இல்லை. உப்பு இறுக விடவில்லை. வெளியே ஐஸை இளக வைக்கிற உப்பு உள்ளே பாலையும் இளக வைக்காதா? சீனி செய்கிற வேலையை உப்பு செய்யாதா? இனிப்புப் படக்கூடாது என்றுதான் நேர்ந்தாள். உப்பு படக்கூடாது என்று நேரவில்லையே.

மறுபடி பால் காய்ச்சினேன். முட்டை, கூட ஒரு பங்கு வெண்ணெய், கொஞ்சம் ஆரோட்டு மாவு, உப்பு. எவ்வளவு உப்பு என்று கேட்க ஆள் இல்லை, உலகத்தில் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். மீதி ஐஸை இடித்து நிரப்பினேன். அப்பா கைப்பிடியைத் தொட வந்தார். நான் விடவில்லை. தனியாகவே சுற்றினேன். கைப்பிடி கனத்தது, ஆனால் நிற்கவில்லை. திறந்தபோது இளகலாக, துடுப்பிலிருந்து மெதுவாக வழிந்தது.

கிண்ணத்தோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "சீனி இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவள் வாயைத் திறந்தாள். நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை மேலே ஏறிக் கீழே இறங்கியது. இருமல் வரவில்லை. புரையேறவில்லை. இன்னொரு ஸ்பூன் கொடுத்தேன், அதுவும் இறங்கியது. கிண்ணத்தில் பாதி போன பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தினாள். உதட்டை அசைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் குரலை நாங்கள் கேட்டதில்லை. இப்போது கேட்டது. கீறலாக, காற்றாக, ஆனால் அவள் குரல்தான்.

"உப்பு கூடிட்டு" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் அதற்கு நான் ஒன்பது பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு வாய் எழவில்லை. ஸ்பூனை மறுபடி நிரப்பினேன்.